ஸ்டீஃபன் ரைஸ்: 17-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் நீதிபதி ஒருவரின் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

ஸ்டீஃபன் ரைஸ் நீதிபதியாக இருந்தது நான்கே ஆண்டுகள், 1686 முதல் 1690 வரை. அந்த நான்கு ஆண்டுகளில் அயர்லாந்தின் நிலவுடைமைக்கு அடித்தளமாக இருந்த சட்டம் ஆட்டம் கண்டது. டப்ளின் உட்படப் பல நகரங்கள் தங்கள் சாசனங்களை இழந்தன. வழக்கறிஞராக இருந்த காலத்திலேயே அவர், "ஆறு குதிரை பூட்டிய கோச்சு வண்டியை இந்த நிலத் தீர்வுச் சட்டத்துக்குள் ஓட்டிக் காட்டுவேன்" என்று சொல்லிவந்தாராம். இதை எழுதிவைத்தவர் வில்லியம் கிங். எதிர்முகாமைச் சேர்ந்தவர், புராட்டஸ்டன்ட் பாதிரியார், பின்னாளில் டப்ளின் பேராயர். அதனால் ரைஸ் இதே சொற்களைத்தான் சொன்னார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு வண்டி ஓடியது உண்மை.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அன்றைய நீதிபதியால் செல்லாது என்று அறிவிக்க முடியாது. இன்றைய உச்ச நீதிமன்றங்களுக்கு இருக்கும் அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது. அப்படியிருக்க, சட்டத்தைத் தொடாமலே அதன் பயனை எப்படி இல்லாமல் ஆக்க முடிந்தது? வழக்கு எந்த மன்றத்தில் தொடங்குகிறது, அங்கிருந்து மேல்முறையீடு எங்கே போகிறது, ஜூரியை யார் பொறுக்குகிறார், நீதிபதியை யார் நீக்கலாம் என்ற நான்கு கேள்விகளில் பதில் இருக்கிறது. ரைஸின் வாழ்க்கையை இந்த நான்கையும் வைத்துப் படித்தால்தான் விளங்கும்.

எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த நிலம்

ரைஸ் 1637-ஐ ஒட்டி, அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கெர்ரி மாவட்டத்து டிங்கிள் துறைமுக ஊரில் பிறந்தார். பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறி, ஆங்கிலச் சட்டத்தைத் தமதாக்கிக்கொண்டு, மதத்தில் மட்டும் கத்தோலிக்கராகவே நின்றுவிட்ட 'பழைய ஆங்கிலேயர்' என்ற பிரிவைச் சேர்ந்த குடும்பம். இந்த இரட்டை நிலை அவர் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது. சட்டம் அவர்களுக்குச் சொந்தம், பதவி சொந்தமில்லை. 1560-லிருந்து, அரசுப் பதவியில் அமர்பவர் திருச்சபைக்கும் மன்னரே தலைவர் என்று சத்தியம் செய்தாக வேண்டும். கத்தோலிக்கர் மனசாட்சியோடு அதைச் செய்ய முடியாது. வழக்கறிஞராக வாதாட அவ்வப்போது கண்டும் காணாமலும் விட்டார்கள். நீதிபதி நாற்காலி எட்டாத இடமாகவே இருந்தது.

ரைஸ் சிறுவனாக இருந்தபோது 1641-ல் கத்தோலிக்கரின் கிளர்ச்சி வெடித்தது. 1649-ல், மன்னராட்சியை ஒழித்த ஆங்கில நாடாளுமன்றத்தின் தளபதி குரோம்வெல் படையோடு வந்து இறங்கினார். போருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் சம்பளப் பாக்கிக்குக் காத்திருந்த சிப்பாய்களுக்கும் கத்தோலிக்கரின் நிலம் பங்கிடப்பட்டது. 1660-ல் மன்னராட்சி திரும்பியது. இழந்தவர்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள், பெற்றவர்கள் விடமாட்டோம் என்றார்கள். இரண்டு தரப்பையும் சமாளிக்கப் பிறந்ததுதான் 1662-ஆம் ஆண்டின் நிலத் தீர்வுச் சட்டம். புதிதாகப் பெற்றவரின் உரிமையை அது உறுதி செய்தது. கூடவே, கிளர்ச்சியில் பங்கில்லாத 'குற்றமற்ற' கத்தோலிக்கருக்கு நிலம் திரும்பும் என்றும் சொன்னது. இரண்டுக்கும் போதுமான நிலம் இல்லை. 1663-ல் அமர்ந்த கோரிக்கை மன்றம் சில மாதங்களே இயங்கியது. பெரும்பாலான மனுக்கள் விசாரணைக்கே வரவில்லை. 1665-இல் வந்த விளக்கச் சட்டம், புதியவர்கள் தங்கள் பங்கில் மூன்றில் ஒன்றை விட்டுத்தர வேண்டும் என்றது. ஆனால், விசாரிக்கப்படாமல் விடுபட்டவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது.

வரலாற்றாசிரியர்களின் மதிப்பீட்டில் கத்தோலிக்கர் கையிலிருந்த நிலம் 1641-ல் ஏறத்தாழ 59 விழுக்காடு, 1688-ல் 22 விழுக்காடு, 1703-ல் 14 விழுக்காடு. முதல் இரண்டு எண்களுக்கு இடையே இருக்கும் பள்ளத்தில்தான் ரைஸின் தலைமுறை வளர்ந்தது. அந்தச் சட்டத்தின் மீது அவருக்கிருந்த கோபம் தனிமனிதக் கோபம் அல்ல.

நான்கு மன்றங்களும் பதினொரு பேரும்

அன்றைய டப்ளினில் கிறைஸ்ட் சர்ச் தேவாலய வளாகத்தில் நான்கு உயர் மன்றங்கள் இருந்தன. லிஃபி ஆற்றங்கரையில் இன்று நிற்கும் குவிமாடக் கட்டடம் அதற்கு நூறாண்டுகள் பிந்தியது. குற்றவழக்குகளும் அரசு சார்ந்த வழக்குகளும் கிங்ஸ் பெஞ்சில் நடந்தன. குடிமக்களுக்கு இடையிலான வழக்குகள் காமன் ப்ளீஸில் நடந்தன. அரசின் வருவாயை எக்ஸ்செக்கர் என்ற கருவூல மன்றம் கவனித்தது. வழமையான சட்டம் கைகொடுக்காத இடத்தில் நியாய அடிப்படையில் தீர்ப்பளித்தது சான்சரி. சான்சரிக்கு லார்டு சான்சலர் தலைவர், அவருக்குத் துணையாக ஒருவர் இருந்தார். மற்ற மூன்றிலும் மன்றத்துக்கு மூன்று நீதிபதிகள் வீதம் ஒன்பது பேர். ஆண்டுக்கு நான்கு பருவங்கள் டப்ளினில் அமர்வார்கள். இரண்டு முறை மாவட்டங்களைச் சுற்றிவந்து விசாரிப்பார்கள்.

எக்ஸ்செக்கர் நீதிபதிகளுக்குப் 'பாரன்' என்று பெயர், தலைவருக்குத் 'தலைமைப் பாரன்'. இதைப் பிரபுப் பட்டம் என்று எண்ணிக் குழம்புகிறவர்கள் ஏராளம். இது பதவிப் பெயர் மட்டுமே.

ரைஸ் வழக்கறிஞராகப் பெயரெடுத்ததும் வருவாய் வழக்குகளில்தான், அதாவது எக்ஸ்செக்கரின் சொந்தத் துறையில். இந்த மன்றம் வரி விவகாரத்தோடு நின்றுவிடவில்லை. பிறருக்குக் கடன் கொடுத்தவர், "இவர் எனக்குத் தராததால் மன்னருக்கு நான் செலுத்த வேண்டியது குறைகிறது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வழக்கு எக்ஸ்செக்கருக்கு உரியதாகிவிடும். அந்த வரி உண்மையா என்று யாரும் விசாரிப்பதில்லை. ஜூரி இல்லாமல் நியாய அடிப்படையில் தீர்ப்பளிக்கும் ஒரு பிரிவும் அங்கே இருந்தது. வருவாய்க்கென்று தொடங்கிய மன்றத்துக்குள் எந்தச் சொத்துத் தகராறும் நுழைய வழி இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னர் விரும்பும்வரை

1685 பிப்ரவரியில் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டு மன்றத்துக்கு ஒருவராக மூன்று கத்தோலிக்கரை நியமித்தார்: கிங்ஸ் பெஞ்சுக்குத் தாமஸ் நியூஜென்ட், காமன் ப்ளீஸுக்கு டெனிஸ் டேலி, எக்ஸ்செக்கருக்கு ஸ்டீஃபன் ரைஸ். சத்தியப் பிரமாணச் சிக்கலை மன்னரின் விலக்களிக்கும் அதிகாரம் தீர்த்தது. குறிப்பிட்ட ஒருவருக்கு ஒரு சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து மன்னர் விலக்குத் தரலாம் என்பது அந்த அதிகாரம். அதே 1686-இல் இங்கிலாந்து நீதிமன்றமும் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

அன்றைய அயர்லாந்தில் நீதிபதி பதவி, மன்னர் விரும்பும்வரைதான். குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை, விளக்கம் சொல்லத் தேவையில்லை, ஒரு கடிதம் போதும். ரைஸுக்கு இடம் தருவதற்காக அப்படித்தான் ஸ்டாண்டிஷ் ஹார்ட்ஸ்டங் நீக்கப்பட்டார். 1687-ல் தலைமைப் பாரன் ஹென்றி ஹென் நீக்கப்பட்டு அந்த இடத்துக்கும் ரைஸ் உயர்ந்தார். 1691-ல் காற்று திசை மாறியதும் ஹார்ட்ஸ்டங் பழைய இருக்கைக்கே திரும்பினார். ஒரே விதி ஒருவரை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றியது. ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை நீதிபதியை நீக்க முடியாது என்ற பாதுகாப்பு ஐரிஷ் நீதிபதிகளுக்கு 1782-ல்தான் கிடைத்தது.

1687 பிப்ரவரியில் டைர்கானல் பிரபு ரிச்சர்டு டால்பட் மன்னரின் பிரதிநிதியாக டப்ளின் வந்து சேர்ந்தார். அதன்பின் ஒன்பதில் ஆறு இடம் கத்தோலிக்கருக்கு, மன்றத்துக்கு ஒரு புராட்டஸ்டன்ட் மட்டும் என்று ஆனது. எக்ஸ்செக்கரில் ரைஸ், ஹென்றி லிஞ்ச் இருவரோடு புராட்டஸ்டன்டான வில்லியம் வொர்த் அமர்ந்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது வழக்குத் தொடங்கும் முன்பே தெரிந்த மாதிரிதான்.

வண்டி ஓடிய பாதை

இனி, நிலத்தை இழந்த ஒரு குடும்பம் எப்படி வழக்குத் தொடுத்தது என்று பார்க்கலாம். இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய இடமும் இதுவே.

1641 கிளர்ச்சியை ஒட்டிப் பலர் 'சட்டத்துக்குப் புறம்பானவர்' என்று அறிவிக்கப்பட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர் எந்த மன்றத்திலும் வழக்குத் தொடுக்க முடியாது. ஆகவே முதலில் அந்த அறிவிப்பு நீங்க வேண்டும். பிழை ரிட் ஒன்று கிங்ஸ் பெஞ்சுக்குப் போகும். பழைய பதிவேட்டில் ஒரு பெயரோ ஊரோ தேதியோ தவறாக இருந்தாலே அறிவிப்பு ரத்தாகலாம். அந்த மன்றத்தில் நியூஜென்ட் அமர்ந்திருந்தார்.

அடுத்தது எஜெக்ட்மென்ட் எனப்படும் வெளியேற்ற வழக்கு. நேரடியாக உரிமை கோரும் பழைய வழக்குமுறைகள் நத்தை வேகத்தில் நகர்பவை. அதனால் 17-ஆம் நூற்றாண்டு வழக்கறிஞர்கள் குத்தகைதாரருக்கென்று இருந்த ஒரு வழக்கை வளைத்துப் பயன்படுத்தினார்கள். உரிமை கோருபவர், கற்பனையான ஒருவருக்கு நிலத்தைச் சில ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டதாகக் காகிதத்தில் எழுதுவார். அந்தக் குத்தகைதாரர் நிலத்தில் நுழைந்ததாகவும், இன்னொரு கற்பனை ஆள் அவரை விரட்டிவிட்டதாகவும் வழக்கு. விரட்டிய அந்தக் கற்பனை ஆள், நிலத்தில் உண்மையாகவே குடியிருப்பவருக்குக் கடிதம் எழுதுவார்: "எனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை, நான் வாதாடப் போவதில்லை, நீங்கள் வராவிட்டால் நிலம் போய்விடும்." குடியிருப்பவர் வந்து வாதாட மன்றம் அனுமதிக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. குத்தகை, நுழைவு, விரட்டல் மூன்றும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு மிஞ்சுவது ஒரே கேள்வி: நிலத்துக்கு நல்ல உரிமை யாருக்கு? இத்தகைய வழக்குகளில் புழங்கிய கற்பனைப் பெயர்தான் 'ஜான் டோ'. அடையாளம் தெரியாத சினிமாத் திருட்டுக் கும்பல்களுக்கு எதிராக நம் நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் ஆணைக்கும் அதே பெயர் வழங்குகிறது.

இந்த முறையில் தோற்றவரும் விடவேண்டியதில்லை. தீர்ப்பு கட்டுப்படுத்துவது கற்பனைக் குத்தகையை மட்டும்தான். புதுக் கற்பனை ஆளை வைத்துத் திரும்பவும் தொடுக்கலாம். நிலத்தில் இருப்பவருக்கு நிம்மதி இல்லை, செலவும் தீராது.

மூன்றாவது, ஜூரி. ஜூரிகளின் பட்டியலைத் தயாரிப்பவர் மாவட்ட ஷெரிஃப். 1687-ல் டைர்கானல் அநேகமாக எல்லா மாவட்டங்களுக்கும் கத்தோலிக்க ஷெரிஃப்களை நியமித்தார். டோனிகாலில் மட்டும் ஒரு புராட்டஸ்டன்ட் வந்தார், அதுவும் பெயர்க் குழப்பத்தால் என்று கிங் எழுதுகிறார். பட்டியலை எழுதும் கை மாறியதும் உண்மைகளைத் தீர்மானிக்கும் பன்னிரண்டு பேரும் மாறினார்கள்.

கடைசியாக, மேல்முறையீடு. ஐரிஷ் கிங்ஸ் பெஞ்சின் தீர்ப்பில் பிழை என்றால் லண்டன் கிங்ஸ் பெஞ்சுக்குப் போகலாம். எக்ஸ்செக்கரின் தீர்ப்பு அப்படிக் கடல் தாண்டாது. வழக்குகள் ரைஸின் மன்றத்தில் வந்து குவிந்ததற்குக் கிங் சொல்லும் காரணமே இதுதான். ஜெயித்த தீர்ப்பை இங்கிலாந்தில் யாரும் கவிழ்க்க முடியாது என்றால், கட்சிக்காரர் வேறு எங்கே போவார்? அதே கிங், ரைஸுக்குச் சட்ட ஞானமும் கூர்மையும் இருந்ததை மறுக்கவில்லை. எதிரியின் வாயிலிருந்து வந்ததால் அந்த மதிப்பீட்டுக்கு எடை அதிகம்.

நகரங்களின் சாசனங்கள்

எக்ஸ்செக்கரில் நடந்த இன்னொரு பெரிய வேலை குவோ வாரண்டோ. "எந்த அதிகாரத்தின் பேரில் இந்தப் பதவியை வகிக்கிறாய்?" என்று கேட்கும் ரிட் அது. இன்றும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகிறது. இன்று அது தகுதியில்லாமல் பொதுப் பதவியில் இருப்பவருக்கு எதிரான குடிமகனின் கருவி. 1687-ல் அது மன்னரின் கருவி. அட்டர்னி ஜெனரல் ரிச்சர்டு நேகல் வழக்குத் தொடுப்பார். நகராட்சி தன் சாசனத்தைக் காட்டி விடை சொல்ல வேண்டும். விடையில் ஓட்டை இருந்தால் சாசனம் பறிபோகும். டப்ளின் நகராட்சியின் விடையில் எழுத்தர் ஒரு தேதியைப் பிழையாக எழுதிவிட, அதைத் திருத்த அனுமதி கேட்டும் மன்றம் தரவில்லை என்கிறார் கிங். இதை ரைஸின் நேர்மைக்குப் பெருமை சேர்க்கும் தீர்ப்பாகச் சொல்ல முடியாது. லண்டன் நகரமே 1683-ல் இப்படிச் சாசனம் இழந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருவியை உருவாக்கியது டப்ளின் அல்ல.

ஐரிஷ் மக்களவையின் பெரும்பான்மை உறுப்பினர்களை நகரங்களே அனுப்பின. புதுச் சாசனம், புது நகர்மன்றம், புது உறுப்பினர் என்று இதன் சங்கிலி நாடாளுமன்றம்வரை நீண்டது. 1689-ல் கூடிய மக்களவையில் சுமார் 230 பேர் அமர்ந்தார்கள். அவர்களில் புராட்டஸ்டன்ட்கள் ஆறு பேர்தான்.

லண்டன், பாரிஸ்

வழக்கு வழக்காக நடத்தி நிலத்தை மீட்க எத்தனை தலைமுறை ஆகும்? சட்டத்தையே மாற்றுவதுதான் சரியான வழி. ஆனால் 1494-ல் டிரோகெடாவில் கூடிய நாடாளுமன்றத்தில் தொடங்கிய பாய்னிங்ஸ் சட்டத்தின்படி, லண்டன் ஒப்புதல் தராமல் ஐரிஷ் நாடாளுமன்றம் எந்த மசோதாவையும் எடுக்க முடியாது. அதனால் 1688-ன் தொடக்கத்தில் நியூஜென்டும் ரைஸும் வரைவோடு லண்டன் போனார்கள். தெருக் கூட்டம் கழிகளில் உருளைக்கிழங்கைக் குத்தித் தூக்கிக்கொண்டு, ஐரிஷ் தூதர்களுக்கு வழிவிடுங்கள் என்று கத்தியபடி அவர்கள் வண்டியைத் தொடர்ந்தது. வந்த காரியம் முடியாமலே இருவரும் திரும்பினார்கள். ஆண்டு முடிவதற்குள் ஜேம்ஸ், புராட்டஸ்டன்டான மருமகன் வில்லியமிடம் அரியணை இழந்து பிரான்ஸில் தஞ்சம் புகுந்தார்.

1689 ஜனவரியில் டைர்கானல் ரைஸை மவுன்ட்ஜாய் பிரபுவோடு பாரிஸுக்கு அனுப்பினார். அயர்லாந்தைக் காக்க முடியாது என்று மன்னரிடம் இருவரும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது வெளியே சொன்ன நோக்கம். ரைஸிடம் தனியாகக் கொடுக்கப்பட்ட செய்தி வேறு: மவுன்ட்ஜாயை நம்பாதீர்கள், மன்னர் உடனே அயர்லாந்து வரவேண்டும். மவுன்ட்ஜாய் பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டு 1692-ல்தான் வெளியே வந்தார். ரைஸின் வாழ்க்கையில் மனதுக்கு ஒவ்வாத பகுதி இது. புராட்டஸ்டன்ட்களின் தலைவர்களில் ஒருவரை நாட்டிலிருந்து அப்புறப்படுத்தும் சூழ்ச்சியில் பதவியிலிருந்த ஒரு நீதிபதி பங்கெடுத்தார்.

ஜேம்ஸ் 1689 மார்ச் 12-ல் கின்சேலில் இறங்கினார். ரைஸ் கருவூல ஆணையர்களில் ஒருவரானார். மே முதல் ஜூலை வரை டப்ளினில் கூடிய நாடாளுமன்றம் நிலத் தீர்வுச் சட்டத்தை முற்றாக ரத்து செய்தது. ஆங்கில நாடாளுமன்றம் அயர்லாந்தைக் கட்டுப்படுத்தாது என்றும், வழக்குகள் மேல்முறையீட்டுக்கு இங்கிலாந்து போகக் கூடாது என்றும் இன்னொரு சட்டம் சொன்னது. எக்ஸ்செக்கரில் மட்டும் இருந்த அனுகூலம் இப்போது எல்லா மன்றங்களுக்கும் விதியானது.

கத்தோலிக்க நீதிபதிகள் எல்லோரும் இதில் ஒரே கருத்தோடு இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தீர்வுச் சட்டத்தின் கீழ் கிடைத்த நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கிய கத்தோலிக்கரும் இருந்தார்கள். டேலி அவர்களில் ஒருவர். மொத்தமாக ரத்து செய்வதை எதிர்த்துக் கடுமையாகப் பேசியதற்காக மக்களவை அவர்மீது குற்றச்சாட்டுக் கொண்டுவந்தது.

தோல்விக்குப் பின்

1690 ஜூலை 1-ல் பாய்ன் ஆற்றங்கரையில் ஜேம்ஸ் வில்லியமிடம் தோற்றார். ரைஸின் நீதிபதி பதவி அதோடு முடிந்தது. 1691 அக்டோபர் 3-ல், போரை முடித்த லிமரிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பாதுகாப்புக்கு உட்பட்டவர்கள், புதிய அரசுக்கு விசுவாசம் தெரிவித்தால் சொத்தை வைத்துக்கொள்ளலாம். ரைஸுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது. கில்டேர் மாவட்டத்தில் மவுன்ட் ரைஸ் என்ற பண்ணையில் அவர் வாழ்ந்தார்.

1704-ல் அவர் மறுபடி பொதுமேடைக்கு வந்தார். கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது, 31 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் எடுக்கக் கூடாது, தந்தை இறந்தால் எல்லா மகன்களுக்கும் நிலம் சமமாகப் பிரியும், மூத்தவன் மட்டும் அரசுத் திருச்சபைக்கு மாறினால் முழுவதும் அவனுக்கே, என்று ஒரு மசோதா வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை நிலத்தைத் துண்டாக்கிக் குடும்பங்களைக் கரைக்கும் ஏற்பாடு அது. பிப்ரவரி 22 அன்று மக்களவையின் முன் மூன்று பேர் நின்றார்கள். லிமரிக் ஒப்பந்தம் உருவாகப் பாடுபட்ட தியோபால்டு பட்லரும், மலோன் என்ற வழக்கறிஞரும் வழக்கறிஞர் அங்கியில் வந்தார்கள். முன்னாள் தலைமைப் பாரன் அங்கியில்லாமல், பாதிக்கப்படும் தனிமனிதராக, மனுதாரராக வந்தார். லிமரிக்கில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த வாக்கை இந்த மசோதா மீறுகிறது என்பதே மூவரின் வாதம். ஆறு நாள் கழித்து மேலவையிலும் வாதிட்டார்கள். மார்ச் 4-ல் மசோதா சட்டமானது.

ரைஸ் 1715 பிப்ரவரி 16-ல் இறந்தார். மகன் எட்வர்டு அரசுத் திருச்சபைக்கு மாறினார், நிலம் துண்டாகாமல் தப்பியது.

இவரைப் பற்றிப் படிக்கும்போது

மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை. 1662-ஆம் ஆண்டின் ஐரிஷ் நிலத் தீர்வுச் சட்டமும், அரியணை வாரிசுரிமை பற்றிய 1701-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமும் ஆங்கிலத்தில் 'ஆக்ட் ஆஃப் செட்டில்மென்ட்' என்ற ஒரே பெயரில் வழங்குபவை. தேடும்போது இரண்டாவதுதான் முதலில் வந்து நிற்கும். அடுத்து, அன்றைய அலுவல் ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியது. எனவே 1704 பிப்ரவரி விவாதம் பழைய ஆவணங்களில் 1703 என்றும், ரைஸ் இறந்த ஆண்டு 1714 என்றும் இருக்கும். ஐரோப்பியக் கண்டத்து நாள்காட்டி 1700 வரை பத்து நாளும் அதன்பின் பதினொரு நாளும் முன்னே ஓடியதால் பிரெஞ்சு ஆவணங்களின் தேதி பொருந்தாது.

மூன்றாவதுதான் பெரியது. 1689 நாடாளுமன்றத்தின் பதிவேடுகளை 1695-ல் வெற்றி பெற்ற தரப்பு சட்டம் போட்டு அழித்தது. நீதிமன்றப் பதிவேடுகளில் மிகப் பெரும்பகுதி 1922 ஜூன் 30-ல், உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகத்தில் எரிந்து போனது. ரைஸ் எந்த வழக்கில் என்ன காரணம் சொன்னார் என்று அவருடைய மன்றத்தின் ஏட்டைப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லாத இடங்கள் பல. அதனால்தான் கிங் 1691-ல் வெளியிட்ட நூலும், டைர்கானலுக்கு முன் பதவியிலிருந்த கிளாரெண்டன் பிரபுவின் கடிதங்களும் திரும்பத் திரும்ப மேற்கோளாகின்றன. இருவரும் ரைஸின் தரப்பைச் சேராதவர்கள். எரிந்த காப்பகத்தின் நகல்களையும் சுருக்கங்களையும் உலகெங்குமிருந்து திரட்டி இணையத்தில் மீட்டெழுப்பும் பணியை டப்ளின் டிரினிட்டி கல்லூரி நடத்துகிறது, அது 2022-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எக்ஸ்செக்கர் மன்றத்தைப் பற்றி மேலும் தேட விரும்புகிறவர்கள் அங்கே தொடங்கலாம்.